வியாழன் இன்ரவியூ: சூட்டுக்கு எந்தச் சப்பாத்து?

குழு: எங்கடை வீட்டாக்கள்

செவ்வாய் இரவு

வாசன்: எல்லாருக்கும் வணக்கம். வியாழன் காலமை 10 மணிக்கு இன்ரவியூ. ரொறொன்ரோ டவுன்ரவுனிலை கிங்–பே சந்தியடியிலை ஒரு ஒஃபிஸ். சூட் ரெடி. ஆனா நாளைக்கு இரவு 10–15 சென்ரிமீற்றர் ஸ்நோ கொட்டுமாம், விடிய மைனஸ் 9 எண்டும் போட்டிருக்கு. காலுக்கு என்னத்தைப் போடுறது எண்டுதான் தெரியேல்லை.

வாசன்: [படம்]

வாசன்: என்னட்டை இருக்கிற நல்ல சப்பாத்து இது ஒண்டுதான். கொழும்பிலை வாங்கினது.

ரமணன் அத்தான்: வடிவான சப்பாத்து. அடி தோலோ றப்பரோ? திருப்பி ஒரு படம் போடு.

வாசன்: [படம்]

வாசன்: தோல். வழுவழுப்பா இருக்கு.

ரமணன் அத்தான்: அப்ப அதோடை றோட்டிலை இறங்காதை. தோல் அடி தண்ணியைக் குடிக்கும். நல்லா ஊறினா காய ஒண்டு ரெண்டு நாள் செல்லும். ஐஸிலை பிடிப்பு எண்டு ஒண்டுமே இல்லை.

அம்மா: தம்பி, அப்ப சூட் வேண்டாம். குளிருக்கு ஏத்த மாதிரி மொத்தமாப் போட்டுக்கொண்டு போ. வேலை குடுக்கிறவையும் அந்த ஊரிலைதானே இருக்கினம், விளங்கிக்கொள்ளுவினம்.

சின்ன மாமி: மச்சாள், பயப்பிடாதேங்கோ. சூட் கட்டாயம் போடத்தான் வேணும். இஞ்சை தை, மாசி மாசத்திலை சூட்டோடை வேலைக்குப் போற ஆக்கள் ஆயிரக்கணக்கிலை. எல்லாரும் ஏதோ ஒரு வழி வைச்சிருக்கினம்.

மூத்த மாமா: அந்த வழியை நான் சொல்லுறன். றப்பர் உறை. சப்பாத்துக்கு மேலாலை இழுத்து மாட்டிறது. நான் முதல் வந்திறங்கினது மொன்றியல். அங்கை குளிர் காலத்திலை ஒஃபிஸுக்குப் போற மனுசர் எல்லாம் அதைத்தான் போடுவினம். பிரெஞ்சுக்காரர் கிளாக் எண்டு சொல்லுவினம். உள்ளுக்கை போனவுடனை கழட்டி ஒரு பொலித்தீன் பையிலை போட்டால் கோட் பொக்கற்றுக்கை அடங்கிப்போகும். சப்பாத்து கடையிலையிருந்து எடுத்த மாதிரி இருக்கும்.

வாசன்: மாமா, அது இப்பவும் விக்கிறாங்களோ?

மூத்த மாமா: ஏன் விக்காமல்? மெல்லிசான கறுப்பு றப்பர்தான். தூரத்திலை நிண்டு பாத்தா சப்பாத்து எண்டுதான் நினைப்பாய். ஒரு காலத்திலை றப்பர் குளிருக்குக் கல்லாகும், வெயிலுக்குப் பிசின் மாதிரி ஒட்டும். குட்இயர் எண்ட மனுசன் கந்தகத்தோடை சூடாக்கி அதைப் பதப்படுத்திற வழியைக் கண்டுபிடிச்சு 1844 இலை காப்புரிமை எடுத்த பிறகுதான் இந்த உறை நம்பிப் போடக்கூடிய சாமான் ஆச்சுது. என்னட்டை ஒரு சோடி புதுசாக் கிடக்கு. உன்ரை சைஸ் என்ன?

வாசன்: 9 மாமா.

மூத்த மாமா: சரியா வரும். சப்பாத்து விளிம்பை இறுக்கிப் பிடிக்க வேணும், தொளதொளத்தால் சேத்துக்கை கழண்டு நிக்கும்.

தர்ஷினி அக்கா: மாமா, நான் ஒண்டு சொல்லட்டோ? றப்பர் உறை ஈரத்துக்கு நல்லது. உப்புக்கும் நல்லது. ஐஸுக்கு அவ்வளவு காணாது. கையை ஊண்டி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு வாற ஆக்களை ஒவ்வொரு குளிருக்கும் கிளினிக்கிலை பாக்கிறன். விழுறது ஸ்நோவிலை இல்லை. ஸ்நோவுக்குக் கீழை கிடக்கிற ஐஸிலை.

தர்ஷினி அக்கா: யூனிவேசிற்றி அவெனியூவிலை ரொறொன்ரோ றீஹாப் எண்ட மறுவாழ்வு ஆஸ்பத்திரி ஆக்கள் நிலத்துக்குக் கீழை ஒரு ஆய்வுகூடம் வைச்சிருக்கினம். ஐஸ் தரை, அதை அப்பிடியே சரிப்பினம். ஆக்களைப் பட்டி கட்டித் தொங்கவிட்டு பூட்ஸோடை நடக்க விடுவினம். 7 பாகை சரிவிலை ஈர ஐஸிலையும் காய்ஞ்ச ஐஸிலையும் வழுக்காமல் நிண்டால் ஒரு ஸ்நோஃபிளேக் புள்ளி. 2016 இலை முதல் முடிவுகள் வந்தது. சோதிச்ச பூட்ஸிலை பத்துக்கு ஒண்டு கூடத் தேறேல்லை. விலைக்கும் பிடிப்புக்கும் சம்பந்தமில்லை எண்டு அப்பத்தான் கனபேருக்கு விளங்கினது. அவையின்ரை 'றேட் மை ட்றெட்ஸ்' இணையப் பக்கத்திலை எல்லாப் புள்ளியும் கிடக்கு, வாங்க முதல் ஒருக்காப் பாக்க வேணும்.

அம்மா: பிள்ளை சொல்லுறது சரி. எனக்கு இஞ்சை கொக்குவிலிலை இருந்துகொண்டு நெஞ்சு பதறுது.

வாசன்: அம்மா, நான் கவனமாப் போவன். அத்தான், நீங்கள் டவுன்ரவுனுக்கு என்ன போடுறனீங்கள்?

ரமணன் அத்தான்: நான் கணுக்கால் மட்டும் வாற கறுப்புத் தோல் பூட்ஸ். அடி டெய்னைற் றப்பர், இங்கிலாந்திலை மார்க்கெற் ஹாபரோவிலை செய்யிறது. சின்னச் சின்ன வட்டக் குமிழ் வைச்ச அடி. பக்கத்தாலை பாத்தால் குமிழ் தெரியாது, அதாலை சூட்டோடை ஒத்துப்போகும். கூழ்ப்பனியிலை, அதுதான் பாதி உருகின ஸ்நோவிலை, அருமை. ஆனா அக்கா சொன்னதை நான் மறுக்கேல்லை, வெறும் ஐஸிலை அதுவும் பெரிசாப் பிடிக்காது. குளிருக்கு றப்பர் இறுகும்.

ரமணன் அத்தான்: நீ இப்ப அவசரப்பட்டு அதை வாங்காதை. புது பூட்ஸ் போட்டு முதல் நாளே இன்ரவியூவுக்குப் போனால் குதி கடிக்கும், கதைக்கிற நேரம் முழுக்க மனம் காலிலை நிக்கும். நீ எப்பிடிப் போறாய்? பஸ்ஸோ ட்றெயினோ?

வாசன்: அஜின்கோர்ட்டிலை கோ ட்றெயின் எடுத்து டவுன்ரவுன் யூனியன் ஸ்ரேசனிலை இறங்குவன். வீட்டிலையிருந்து ஸ்ரேசனுக்குப் பன்ரெண்டு நிமிச நடை.

ரமணன் அத்தான்: அப்ப உன்ரை பிரச்சினை அந்தப் பன்ரெண்டு நிமிசம் மட்டும்தான் வாசன். யூனியனிலை இறங்கினால் நிலத்துக்குக் கீழாலை 'பாத்' நடைபாதை கிடக்கு. 30 கிலோமீற்றருக்கு மேலை, எழுபதுக்கும் மேலை கட்டிடங்களை இணைக்குது. கிங்–பே சந்தியிலை இருக்கிற பெரிய கோபுரங்கள் எல்லாம் அதிலைதான் தொடுத்துக் கிடக்கு. ஒரு துளி ஸ்நோவிலை கால் வைக்காமல் லிஃப்ற் மட்டும் போகலாம்.

வாசன்: அப்ப வீட்டிலையிருந்து வின்ரர் பூட்ஸ், யூனியனிலை மாத்திறது?

தர்ஷினி அக்கா: அதேதான். நடைக்கு ஒண்டு, உள்ளுக்கை ஒண்டு. ரெண்டையும் ஒரே சப்பாத்திலை தேடினால் ரெண்டும் அரைகுறை. இஞ்சை ஒஃபிஸிலை கனபேர் மேசைக்குக் கீழை ஒரு சோடி சப்பாத்து வைச்சிருக்கினம், மாத்திறதை ஒருத்தரும் வித்தியாசமாப் பாக்க மாட்டினம்.

மூத்த மாமா: சரி, பூட்ஸ் போடட்டும். கழட்டின பூட்ஸை என்ன செய்யிறது? முழங்கால் மட்டும் வாற பூட்ஸ், அடியிலை சேறு, தண்ணி சொட்டும். அதைத் தூக்கிக்கொண்டு இன்ரவியூ அறைக்குள்ளையோ போறது? உறை எண்டால் பொக்கற்றுக்கை போகும்.

சின்ன மாமி: மாமா கேக்கிறது நியாயம்.

ரமணன் அத்தான்: பூட்ஸை நான் வாங்கிக்கொள்ளுறன். 9:15க்கு யூனியனிலை கோ பகுதிக்குள்ளை வந்து நிக்கிறன். வாங்கிலை இருந்து ஆறுதலா மாத்து. பூட்ஸ் என்ரை ஒஃபிஸிலை கிடக்கும், முடிய வந்து எடு. இதுக்கு வேறை யோசினை வேண்டாம்.

மூத்த மாமா: நல்லது ரமணன். ஆனாலும் உறையைக் கொண்டு வந்து தாறன் மருமோன். மத்தியானம் ஆரும் வெளியாலை சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனால் சப்பாத்துக்கு மேலை மாட்டு.

புதன் மத்தியானம்

சின்ன மாமி: வாசன், சூட் லோங்ஸ் எவ்வளவு நீளம்? நிண்டுகொண்டு காலடியை ஒரு படம் எடுத்து அனுப்பு.

வாசன்: [படம்]

சின்ன மாமி: நான் நினைச்சதுதான், நீளம் கூட. பின்பக்கம் குதிக்குக் கீழை வந்து நிலத்தைக் கூட்டுது. நான் தையல் கடையிலை நிக்கிறனான், இந்த மாசம் வாற லோங்ஸ் எல்லாத்திலையும் பின் விளிம்பிலை வெள்ளைக் கோடு. அது ஸ்நோ இல்லை, றோட்டுக்குப் போடுற உப்பு. உப்பு ஐஸைத் தண்ணியாக்கும், அந்த உப்புத்தண்ணி துணியிலையும் தோலிலையும் ஏறும், பிறகு தண்ணி காய உப்பு மேலை பூக்கும். கம்பளித் துணியைப் பெரிசாக் கெடுக்காது, தோலை வெடிக்கப் பண்ணும்.

சின்ன மாமி: இண்டைக்குப் பின்னேரம் வாங்கோ, முக்கால் அங்குலம் உள்ளுக்கை மடிச்சுத் தாறன். விளிம்பு சப்பாத்தின்ரை மேல்பக்கத்தைத் தொட்டால் போதும், அதுக்கு மேலை மடிப்பு விழப்படாது. நடக்கேக்கை லோங்ஸைப் பூட்ஸுக்குள்ளை செருகி விடு. யூனியனிலை வெளியிலை எடுத்து ரெண்டு தரம் உதறு. கம்பளி தானாய் நேராகும்.

வாசன்: மாமி, மேஸ் என்ன போடுறது? தடிச்சதோ?

தர்ஷினி அக்கா: நடையிலை மெல்லிய கம்பளி மேஸ், கறுப்பு, முழங்காலுக்குக் கீழை வரைக்கும். கதிரையிலை இருக்கேக்கை காலின்ரை தோல் தெரியப்படாது. பருத்தி வேண்டாம், நனைஞ்சால் குளிரைப் பிடிச்சு வைச்சிருக்கும். ரெண்டு மேஸ் போட்டு பூட்ஸை இறுக்கவும் வேண்டாம். இரத்த ஓட்டம் குறைஞ்சால் கால் இன்னும் விறைக்கும். இன்னொரு சோடி பையிலை இருக்கட்டும்.

தர்ஷினி அக்கா: நடை: சின்ன அடி, பாதம் முழுக்கப் பதியிற மாதிரி. கையை பொக்கற்றுக்கை வைக்காதை. சந்தியிலை கடக்கேக்கை கவனம், கரையிலை கூழ்ப்பனி தட்டையாத்தான் தெரியும், கால் வைச்சால் கணுக்கால் தாழும். சுத்திப் போ.

அம்மா: நல்லூரானே, பிள்ளையைப் பாத்துக்கொள்.

வியாழன்

வாசன்: யூனியனுக்கு வந்திட்டன். அத்தான் நிக்கிறார். மாத்திறன்.

ரமணன் அத்தான்: [படம்]

சின்ன மாமி: லோங்ஸ் இப்ப எவ்வளவு வடிவா நிக்குது பாருங்கோ.

அம்மா: என்ரை செல்லம். 🙏

வாசன்: முடிஞ்சுது. ஒண்டரை மணித்தியாலம். ரெண்டு பேர் கேட்டவை, நல்லாக் கதைச்சன். அடுத்த கிழமை அறிவிப்பினமாம். ஒராள் கட்டிடத்தின்ரை வாசலடியிலை கோப்பி வாங்கித் தந்தவர், அப்ப மாமாவின்ரை உறை உதவிச்சுது.

மூத்த மாமா: வைச்சுக்கொள். அது உனக்குத்தான்.

வாசன்: மாமி, சப்பாத்து சுத்தமா இருக்கு. பூட்ஸிலைதான் வெள்ளைக் கோடு வந்திட்டுது.

சின்ன மாமி: இண்டைக்கே துடை, நாளைக்கு விடாதை. வெள்ளை வினாகிரி ஒரு பங்கு, தண்ணி ரெண்டு பங்கு. துணியை நனைச்சுப் பிழிஞ்சு துடைக்க வேணும், ஊத்தப்படாது. பிறகு வெறும் தண்ணியிலை ஒருக்கா. உள்ளுக்கை பேப்பர் திணிச்சு வை. ஹீட்டருக்குக் கிட்டக் கொண்டு போனால் தோல் சுருங்கி வெடிக்கும். காய்ஞ்ச பிறகு கிறீம்.

ரமணன் அத்தான்: வேலை கிடைச்சால் மாசி முடிவிலை பூட்ஸ் மலிவுக்குப் போடுவாங்கள், நான் கூட வாறன். கறுப்பு, சொரசொரப்பான தோல், றப்பர் அடி. சுவேட் எண்டு சொல்லுற மெத்தெண்ட தோலைக் கையாலையும் தொடாதை. பின்னேரம் போய்ப் போட்டுப் பாக்க வேணும், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரம். அண்டைக்குப் போட்ட கம்பளி மேஸைக் கொண்டு வா.