சுரங்க ரயில் தூசு பெரிதா, அஞ்சு ரோட்டுப் புகை பெரிதா?

அஸ்தம்பட்டி அப்பா:
மகள் லண்டனில் படிக்கிறாள், தினம் விக்டோரியா லைன் சுரங்க ரயிலில் போய் வருகிறாள். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பாகிறதாம். கீழே லாரி கிடையாது, ஓடுவதும் மின்சார ரயில், அப்புறம் எங்கிருந்து கரி வருகிறது? இதற்கு நம் டவுன் பஸ்ஸே தேவலை என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

அஞ்சுரோடு வாசி:
சிரிக்காமல் என்ன செய்வார்கள் சார்! காலை ஒன்பது மணிக்கு நம் சேலம் அஞ்சு ரோடு மேம்பாலத்துக்கு அடியில் வண்டியை நிறுத்தி, முன்னால் நிற்கும் பஸ் கிளம்பும்போது விடுகிற புகையை ஒருதரம் முகத்தில் வாங்கிப் பாருங்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. சுரங்கத்தில் இருப்பது வெறும் இரும்புத்தூள்.

கொண்டலாம்பட்டி லேத்:
"வெறும்" இரும்புத்தூளா தம்பி? கிரைண்டிங் போட்ட அன்று சாயங்காலம் என் மூக்கிலும் அதே கறுப்புதான் வரும், மேசையில் படிந்த தூளில் காந்தத்தை வைத்தால் மயிர் முளைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசியும் பிரேக் மிதித்தே இறங்கும் பஸ்ஸில், அடிவாரம் வரும்போது லைனர் தீயும் வாடை அடிக்குமே, அதே தேய்மானம்தான் அங்கேயும், சக்கரம், தண்டவாளம், பிரேக் மூன்றும் சேர்ந்து. மலையில் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும், குழாய் மாதிரிச் சுரங்கத்தில் எங்கே போகும்? அடுத்த ரயில் வந்து கிளப்பிவிடும். லண்டனிலேயே ஆழமான ஹாம்ஸ்டெட் நிலையத்தில் நுண்துகள் (2.5 மைக்ரானுக்கு மேல் போகாத பொடித் தூசு, PM2.5) சராசரி கன மீட்டருக்கு 492 மைக்ரோகிராம் வந்திருக்கிறது.

அஞ்சுரோடு வாசி:
அந்த நடைமேடையில் யாரும் குடித்தனம் நடத்தவில்லை அண்ணா, நிற்பது மூன்று நிமிஷம். இந்தத் தூள் உடம்பை என்ன செய்கிறது என்று தீர்மானமாகச் சொல்லத் தரவு போதாது என்று பிரிட்டன் நிபுணர் குழுவே 2019இல் சொன்னது.

அஸ்தம்பட்டி அப்பா:
பாதிப்பு ஓரளவு இருக்கத்தான் வாய்ப்பு என்றும் அதே குழு சொன்னதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கொண்டலாம்பட்டி லேத்:
ரயிலுக்குள்ளும் தூசு உண்டு தம்பி. ஒரு பேச்சுக்கு, போக வர ஒரு மணி நேரம் 300 மைக்ரோகிராம் தூசில் இருக்கிறாள், மீதி 23 மணி நேரம் 10இல். நாள் சராசரி 22 வருகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் அளவு 15.

அஞ்சுரோடு வாசி:
நம் நாட்டு வரம்பு 60 அண்ணா, அதில் பாதிகூட இல்லையே!

கொண்டலாம்பட்டி லேத்:
வரம்பைத் தூக்கி வைத்துக்கொண்டால் நுரையீரலும் கூடவே பெரிதாகிவிடுமா?

ஜங்ஷன் பயணி:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். மாதம் ஒருமுறை ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை போய் சென்ட்ரலில் மெட்ரோ மாறுகிறேன். அங்கே நடைமேடை ஓரத்தில் கண்ணாடிக் கதவு இருக்கிறது, மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாக்கிவிடுவதால் பிரேக் தேய்வதும் குறைவு. 1863இல் தொடங்கிய லண்டன் சுரங்க ரயிலையும் நேற்று வந்ததையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கொண்டலாம்பட்டி லேத்:
கதவு நல்லதுதான். ஆனால் சியோலில் எல்லா நிலையத்திலும் கதவு போட்டபின் நடைமேடையில் தூசு குறைந்து பெட்டிக்குள் ஏறியதாகப் படித்தேன். சுரங்கத்தைக் கழுவி, காற்றை வெளியே இழுக்காமல் கதவை மட்டும் சாத்தினால் பாதி வேலைதான்.

அஸ்தம்பட்டி அப்பா:
சரி, என்-95 வாங்கிப் போட்டுக்கொள் என்று மகளுக்குச் செய்தி அனுப்பினேன். "நீங்கள் ஸ்கூட்டரில் அஞ்சு ரோடு தாண்டும்போது போடுகிறீர்களா?" என்று பதில் வந்திருக்கிறது. அஞ்சுரோடு தம்பி, இது உங்கள் வேலையா?