வியாதிக்காரர் வீட்டுக்குப் போன அனுபவங்கள்: கட்டு மாற்றிய பிறகு ஜெபம்

திருநெல்வேலி, பெண்கள் ஐக்கிய சங்கம்

வியாதியாய்ப் படுத்திருப்பவர்களைப் போய்ப் பார்த்த அனுபவத்தை எல்லாரும் எழுதினால் புதிதாகப் போகிறவர்களுக்கு உதவும். நானே தொடங்குகிறேன். நான் தப்பாகச் செய்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் சேகரத்தில், அதாவது எங்கள் போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளில், ஒரு பெரியம்மாவுக்கு மார்பில் புற்று. இனி ஆபரேஷன் செய்து பயனில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் எட்டுப் பேர் போனோம். வாசலிலேயே வாடை. நடையில் நின்றபடியே இரண்டு கீர்த்தனை பாடினோம், ஒருவர் மாற்றி ஒருவர் ஜெபித்தோம், ஆரஞ்சும் பிரெட்டும் வைத்துவிட்டுக் கிளம்பினோம். பெரியம்மா சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார்கள். குடையை மறந்துவிட்டேன் என்று நான் மட்டும் திரும்பிப் போனபோது மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "எல்லாரும் வாராவ, ஜெபம் பண்ணுதாவ, போறாவ. ஒருத்தரும் பக்கத்துல வரல, பாத்தியா."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. எங்கள் சபையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் உண்டு. மறுநாள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் நேரே கட்டிலருகே போய் உட்கார்ந்து, பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "புண்ணை நான் பாக்கட்டுமா?" என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு பெரியம்மா சேலையை விலக்கினார்கள்.

அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்தோம். புண்ணோடு ஒட்டிப்போன துணியை அக்கா பிய்க்கவில்லை. அந்தத் தண்ணீரை விட்டு விட்டு, துணி தானாகக் கழன்று வரும்வரை பொறுத்திருந்தார்கள். டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு மெட்ரோனிடசோல் மாத்திரையை நுணுக்கிப் புண்மேல் தூவினார்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற மாத்திரைதான். புண்ணில் நாற்றத்தை உண்டாக்குகிற கிருமியையும் அது கொல்லும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பழைய வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து, டப்பாவில் போட்டு, குக்கரில் அவித்து, அதையே கட்டுத்துணியாக வைத்தோம். ஒரு வாரத்துக்குள் வாடை பாதிக்குமேல் குறைந்தது. பேரன் கட்டிலோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத ஆரம்பித்தான். பெரியம்மா சுவரைவிட்டு இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தது அப்போதுதான்.

அடுத்தது வலி. டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதியிருந்தார். அது போதை மருந்து, கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்று உறவுக்காரர்களுக்குப் பயம். அளவறிந்து கொடுத்தால் அப்படி எதுவும் ஆகாது என்று அக்கா உட்காரவைத்துப் புரியவைத்தார்கள். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து எத்தனையோ ஆஸ்பத்திரிகள் இதை வாங்கிவைப்பதையே விட்டிருந்தன. 2014இல் சட்டத்தைத் திருத்தித் தளர்த்தினார்கள். அப்படியும் நினைத்த கடையில் கிடைக்கிற மருந்து இல்லை இது. பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்று வாங்கிவர மகளுக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அந்த ஒரு நாள் பெரியம்மாவோடு யார் இருப்பது? சங்கத்து வேலை அதுதான் என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவைக்கும் பழக்கம் உண்டு. கைப்பிடி அரிசி என்போம். அது ஊழியத்துக்குப் போகும். அதேபோல் நேரத்தையும் எடுத்துவைக்கலாமே என்று ஆளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டோம். 2021இல் அரசாங்கம் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு நர்ஸ் வீடு தேடியே வருகிறார். பெரிய உபகாரம் அது. ஆனால் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமே, அதற்கு வீட்டில் ஆள் வேண்டும்.

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஒருநாள் கட்டு மாற்றி முடித்ததும் பெரியம்மாவே, "இப்ப ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வியாதியாயிருந்தவரை "விசாரிக்க" வந்தீர்கள் என்று வருகிறதே, அதை இத்தனை வருடமும் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுவருவது என்றே நினைத்திருந்தேன்.

நாகர்கோவில், வாலிபர் சங்கம்

அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் தெருத் தாத்தா நினைவு வந்தது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. இந்துக் குடும்பம். பிள்ளைகள் வெளியூரில், பாட்டி மட்டும் துணை. தாத்தாவைத் தூக்கி உட்காரவைக்கப் பாட்டியால் ஆகாது. நானும் நண்பனும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் போய் உடம்பைத் துடைத்து, துணி மாற்றி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போவோம்.

முதல் நாளே பாட்டி கேட்டார்கள்: "மதம் மாத்த வந்தியளா மக்களே?" இல்லை பாட்டி, தாத்தாவைக் குளிப்பாட்டத்தான் வந்தோம் என்றேன். அந்தச் சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினோம். கேட்காத வீட்டில் ஜெபிப்பதில்லை, துண்டுப்பிரதி வைப்பதில்லை. முடியாத மனுஷன் படுத்திருக்கும் இடத்தில் அவருடைய இயலாமையை வைத்து எதையும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

குளித்து முடிந்ததும் தாத்தாவுக்குத் திருநீறு பூச வேண்டும். பாட்டிக்குக் கை நடுங்கும், பாதி கண்ணில் விழும். ஒருநாள் சம்படத்தை என் பக்கம் நீட்டினார்கள். மூன்று விரலால் தொட்டு நானே பூசிவிட்டேன். அன்றுமுதல் அது என் வேலையாகிவிட்டது. எங்கள் சபையில் இதைக் கேட்டு வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு இன்றுவரை அதில் உறுத்தல் இல்லை.

திருச்சி, வின்சென்ட் தே பவுல் சபை

நாங்கள் கத்தோலிக்கப் பொதுநிலையினர், அதாவது குருக்களோ துறவிகளோ அல்லாத சாதாரண விசுவாசிகள். 1833இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவரும் நண்பர்களும் தொடங்கிய சபை இது. ஓசானாமுக்கு அப்போது வயது 20. வீடு சந்திக்க இரண்டு இரண்டு பேராகப் போவது அந்தக் காலத்திலிருந்து வரும் முறை. கூட்டத்தில் இரகசியப் பை சுற்றிவரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

கொடுப்பவருக்கே இவ்வளவு மறைவு வைத்த சபையில் வாங்குபவர் முகத்தை நாங்கள் காட்டிவிட்டோம். ஒரு கிறிஸ்துமஸுக்கு அரிசிப் பை கொடுக்கும்போது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். நானும் பக்கத்தில் நின்றேன். படத்தில் ஒரு விதவைத் தாய் முந்தானையால் முகத்தைப் பாதி மூடியிருந்தார். அவர் மகள் படிக்கும் வகுப்பிலேயே அந்தப் படம் சுற்றியது. அடுத்த மாதம் நாங்கள் போனபோது அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்கத் தனியாக மூன்று முறை போனேன். மூன்றாவது முறைதான் உள்ளே கூப்பிட்டார். இப்போது எங்கள் கிளையில் போட்டோ கிடையாது.

தூத்துக்குடி

நான் மறுபக்கத்தில் இருந்தவள். அம்மாவை ஒன்றரை வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தேன். சபையிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள், எல்லாருக்கும் நன்றி. ஆனால் என்னை யாரும் "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டதில்லை. ஒரு அக்கா மட்டும் வந்தவுடன் என்னை உள்ளறைக்குத் துரத்துவார்கள்: "நீ போய் ஒரு மணி நேரம் தூங்குட்டி, நான் இருக்கேன்." எழுந்து வந்து பார்த்தால் அம்மாவுக்கு நகம் வெட்டி, தலை பின்னி, பவுடர் போட்டு வைத்திருப்பார்கள்.

அடக்கத்துக்குக் கோயில் நிறைய ஆட்கள். பிறகு வீடு வெறிச்சோடிவிட்டது. ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அந்த அக்கா வந்தார்கள். காற்றுப் படுக்கை சுருட்டாமல் அப்படியே கட்டிலில் கிடந்தது, என்னால் அதைத் தொட முடியவில்லை. இருவருமாகக் காற்றைப் பிடுங்கி, டெட்டால் போட்டுத் துடைத்து, கொல்லையில் காயவைத்தோம். "நம்ம தெருவிலேயே ஒருத்தருக்கு இது தேவைப்படுது. கொண்டு போகட்டுமா?" என்று கேட்டார்கள். நானும் கூடவே போனேன்.