200 தொடர் மனப்பாடம், ஆனாலும் அழைப்பில் சொதப்பல்: எங்கே தப்பு?

மழைக்குருவி:
வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அலுவலக ஆங்கிலத்துக்காக ஒரு நோட்டில் 200 தொடர்கள் எழுதி வைத்துத் தினமும் படித்தேன். ‘லெட் மீ கெட் பேக் டு யூ’, ‘ஆஸ் பெர் அவர் டிஸ்கஷன்’ எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போன வாரம் வாடிக்கையாளர் ஒருவரோடு அழைப்பு. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைப் பற்றி அவர், ‘டு யூ மைண்ட் இஃப் வி மூவ் இட் டு தர்ஸ்டே?’ என்றார். எனக்குச் சம்மதம்தான். உற்சாகமாக ‘எஸ், எஸ்’ என்றேன். அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. அப்புறம் ‘ஓகே, லெட்ஸ் கீப் இட் ஆன் டியூஸ்டே’ என்று சொல்லிவிட்டார். என்ன நடந்தது என்று எனக்குப் புரிவதற்குள் அழைப்பே முடிந்துவிட்டது. தொடர்களாகப் படிப்பது சரியான வழிதானா?

பழைய கணக்கர்:
நோட்டை மூடி வையுங்கள், தம்பியோ தங்கையோ. அவர் கேட்டது ‘மாற்றினால் உங்களுக்கு ஆட்சேபனை உண்டா?’ என்று. நீங்கள் ‘உண்டு, உண்டு’ என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறீர்கள். ‘நோ, நாட் அட் ஆல்’ என்றால்தான் சம்மதம். கிளிக்கு வாக்கியம் தெரியும், உள்ளே இருக்கும் சொல் தெரியாது.

நான் 26 வருடம் கணக்கும் கடிதமும் பார்த்தவன். சொல்லைப் படியுங்கள் என்பேன். பில் அவுட்ஸ்டாண்டிங் என்றால் பணம் இன்னும் வரவில்லை. ஆள் அவுட்ஸ்டாண்டிங் என்றால் பிரமாதமான ஆள். கடன் சாங்ஷன் ஆனால் இனிப்பு கொடுப்பார்கள், ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் விழுந்தால் அது தடை. ஓவர்சைட் இன்னும் மோசம்: மேற்பார்வைக்கும் அதே சொல், கவனக்குறைவுக்கும் அதே சொல். 200 வாக்கியத்தை உருப்போட்டவருக்கு இதில் ஒன்றாவது பிடிபடுமா?

நிலாமுற்றம்:
சார், கோபிக்க வேண்டாம். பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு. நீங்கள் சொல்வது பாதி சரி. ஆனால் யாரும் சொல் சொல்லாகக் கோத்துப் பேசுவதில்லை. தமிழில் முடிவு ‘எடுக்கிறோம்’, கூட்டம் ‘நடத்துகிறோம்’, கையெழுத்து ‘போடுகிறோம்’. ஏன் கையெழுத்தை ‘எடுப்பதில்லை’ என்று கேட்டால் காரணம் சொல்ல முடியாது, அப்படித்தான். ஆங்கிலத்திலும் டிசிஷனை ‘மேக்’ பண்ண வேண்டும், டெட்லைனை ‘மீட்’ பண்ண வேண்டும், இன்வாய்ஸை ‘ரெய்ஸ்’ பண்ண வேண்டும். மைக்கேல் லூயிஸ் என்பவர் 1993இல் ஒரு புத்தகமே எழுதி இதைத்தான் வலியுறுத்தினார்: மொழியைக் கட்டுக் கட்டாகக் கற்க வேண்டும்.

மழைக்குருவியின் நோட்டில் தப்பு வேறு. அதில் நீங்கள் பேச வேண்டிய வசனம் மட்டும் இருக்கிறது. எதிராளி பேசுவது இல்லை. ஒரு தொடருக்கு மூன்று விதப் பதிலையும் சேர்த்து எழுதியிருந்தால் ‘டு யூ மைண்ட்’ அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

பழைய கணக்கர்:
புத்தகம் என்றால் நானும் ஒன்று சொல்கிறேன். மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953இல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களைப் பட்டியல் போட்டார். எழுத்தில் வரும் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். முதலில் அதை முடிக்கட்டும்.

நிலாமுற்றம்:
அந்தப் பட்டியலில் ‘புட்’ இருக்கிறது. தெரியாதவர் யார்? ஆனால் ‘புட் ஆஃப்’ தள்ளிப்போடுவது, ‘புட் த்ரூ’ போனில் இணைத்துவிடுவது, ‘புட் அப் வித்’ சகித்துக்கொள்வது. ‘ஆஃப்’ தெரியும், ‘புட்’ தெரியும், இரண்டும் சேர்ந்தால் திருதிரு. அலுவலகத்தில் கஷ்டப்படுத்துவது பெரிய சொற்கள் இல்லை சார், சின்னச் சொற்களின் கூட்டணிதான்.

குறுக்கெழுத்து:
டெட்லைன் என்றதும் ஒரு கொசுறு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் வேலிக்கு உட்புறம் ஒரு எல்லைக்கோடு இருந்தது. கைதி அதைத் தாண்டினால் காவலர் சுட்டுவிடுவார். அதற்குப் பெயர் டெட்லைன். உங்கள் மேலாளர் எவ்வளவோ தேவலை.

பழைய கணக்கர்:
கொசுறு சுவைதான், கடைக்காரர் இன்னும் சரக்கு தரவில்லையே! மேடம், கூட்டணி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உருப்போட்ட தொடர் இடம் பார்க்காமல் வந்து விழுகிறது. எனக்கு ஒருவர் ஒரே நாளில் மூன்று மின்னஞ்சல் அனுப்பினார். மூன்றிலும் முதல் வரி ‘ஐ ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்’. காலையில் நலம், மதியம் நலம், மாலையில் நலமாக இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். எளிமையாக எழுத வேண்டும் என்று அமெரிக்காவில் 2010இல் அரசு அலுவலகங்களுக்குச் சட்டமே போட்டார்கள். நாம் ஏன் ‘ஆஸ் பெர்’ஐக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

கோடைமேகம்:
இருவரும் தமிழை மறந்துவிட்டீர்கள். நம் தவறுகளில் நிறைய அங்கிருந்துதான் வருகின்றன. ‘திங்களுக்குள்’, ‘மூன்று நாளுக்குள்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘க்குள்’. அதனால் ‘வித்தின் மண்டே’ என்று எழுதிவிடுகிறோம். கால அளவு என்றால் ‘வித்தின் த்ரீ டேஸ்’, ஒரு நாளைக் குறித்தால் ‘பை மண்டே’. ‘நேற்றுதான் அனுப்பினேன்’ என்பதன் ‘தான்’, ‘யெஸ்டர்டே ஒன்லி’ ஆகிவிடுகிறது. ‘ஒரு சந்தேகம்’ என்று கை தூக்கிப் பழகியதால் ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்கிறோம். கேட்பவருக்கு நாம் அவரை நம்பவில்லை என்று தோன்றக்கூடும். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ போதும். இதைப் பட்டியலும் சொல்லித்தராது, வாசிப்பும் சொல்லித்தராது. தன் தவறைத் தானே சேர்த்து வைக்க வேண்டும்.

பழைய கணக்கர்:
வாசிப்பு சொல்லித்தராதா? நன்றாகச் சொல்லித்தரும். நான் ‘பை’யைக் கற்றது பழைய கோப்புகளைப் புரட்டித்தான்.

நிலாமுற்றம்:
26 வருடம் புரட்டினீர்கள் சார். இவருக்கு அடுத்த வாரமே அழைப்பு இருக்கிறது.

குறுக்கெழுத்து:
‘ப்ரிபோன்’, ‘ரிவர்ட்’ பற்றி என்ன தீர்ப்பு?

நிலாமுற்றம்:
‘ப்ரிபோன்’, அதாவது குறித்த நேரத்துக்கு முன்னதாக மாற்றுவது, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இந்திய வழக்காக இருக்கிறது. நமக்குள் தாராளமாகப் பேசலாம், வெளியாரிடம் ‘மூவ் அப்’ என்பது நல்லது. ‘ரிவர்ட்’ என்றால் பலருக்கும் பழைய நிலைக்குத் திரும்புவது என்று பொருள். பதிலுக்கு ‘ரிப்ளை’ இருக்கிறதே. இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம். பிரிட்டனும் அமெரிக்காவுமே ஒத்துப்போவதில்லை: கூட்டத்தில் ஒன்றை ‘டேபிள்’ பண்ணுவது பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிவைப்பது. ‘ஸ்டாக்’ பிரிட்டனில் பெரும்பாலும் சரக்கு இருப்பு, அமெரிக்காவில் பங்கு.

மழைக்குருவி:
எல்லாருக்கும் நன்றி. கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இப்போது அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் இது: ‘டியர் சார், ஐ ஹேவ் எ டவுட் ரிகார்டிங் தி இன்வாய்ஸ் அமௌன்ட். கைண்ட்லி ரிவர்ட் வித்தின் மண்டே.’ இரண்டு வரியில் எத்தனை?

கோடைமேகம்:
மூன்று. மேலே எல்லாமே இருக்கிறது.

நிலாமுற்றம்:
‘ஐ ஹேவ் எ குவிக் கொஸ்டின் அபவுட் தி இன்வாய்ஸ் அமௌன்ட். குட் யூ லெட் மி நோ பை மண்டே?’ இந்த ‘குட் யூ லெட் மி நோ பை’ முழுவதும் ஒரு கட்டு. கிழமையை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

பழைய கணக்கர்:
‘குவிக்’ எதற்கு? கேள்வி சின்னதா பெரியதா என்று அவர் பார்த்துக்கொள்வார். அதைவிட, எந்த இன்வாய்ஸ், தொகையில் என்ன வித்தியாசம் என்று எழுதவே இல்லையே. ஆங்கிலம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ‘எந்த இன்வாய்ஸ்?’ என்றுதான் பதில் வரும். எண்ணைப் போடுங்கள்.

நிலாமுற்றம்:
எண்ணைப் போட வேண்டும், அதில் மறுப்பில்லை. ‘குவிக்’ இருக்கட்டும், தொனி இளகும்.

பழைய கணக்கர்:
இளக வேண்டாம்.

மழைக்குருவி:
எண் போட்டேன், தொகை போட்டேன், ‘குவிக்’ எடுத்துவிட்டேன் (மன்னிக்கவும் மேடம்). பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. ‘வில் டூ’ என்று இரண்டே சொல். கோபமா?

நிலாமுற்றம்:
கோபம் இல்லை. ‘செய்துவிடுகிறேன்’ என்பதன் சுருக்கம், தெரிந்தவர்களுக்குள் சகஜம். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய கணக்கர்:
எழுத வேண்டாம். பத்து நிமிடம் பயந்தீர்களே, இனி மறக்காது.