சிந்தசைசர் திடீரென்று ஊமையாகிவிட்டது

கேள்வி (கிளிநொச்சி):
அண்ணைமார், நேற்றுப் பின்னேரம் கரண்ட் போய்த் திரும்பி வந்ததிலிருந்து என் பழைய அனலாக் சிந்தசைசரில் (மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் இசைக்கருவி) சத்தமே இல்லை, லைட் மட்டும் எரிகிறது. திருவிழாவுக்கு வாசிக்க வேண்டும்.

பதில் (மாங்குளம்):
தம்பி, உடனே கழற்றாதே. வேறு கேபிள் போட்டுப் பார். ஒலியை வடிகட்டும் ஃபில்டரின் கட்-ஆஃப் குமிழை முழுதாகத் திற, அது மூடிக்கிடந்தால் ஒலியை உண்டாக்கும் ஒசிலேட்டர் ஓடினாலும் ஒன்றும் கேட்காது.

பதில் (முல்லைத்தீவு):
எனக்குப் பவர் சப்ளையில்தான் சந்தேகம். பெரும்பாலான அனலாக் சிந்தசைசர்களுக்குப் பிளஸ், மைனஸ் இரண்டும் வேண்டும், 12 அல்லது 15 வோல்ட். மைனஸ் செத்தாலும் லைட் எரியும். மீற்றரால் அளந்து பார், ஆனால் 230 வோல்ட் பக்கம் கை வைக்காதே.

கேள்வி கேட்டவர்:
அண்ணை, பிளஸ் 12 சரி, மைனஸ் 0 காட்டுகிறது!

பதில் (முல்லைத்தீவு):
அப்ப ஃபியூசைப் பார், அது சரியென்றால் அநேகமாக மைனஸ் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் 7912 ரெகுலேட்டர். அதன் கால் ஒழுங்கு பிளஸ் பக்கத்து 7812 போல இல்லை, கவனம்.