ரேஸ் பெட்ரோல் ஊத்தினதுல இருந்து செக் இன்ஜின் லைட். அவசரம்

மஞ்சள்பல்பு:
கார்ல ரேஸ் பெட்ரோல் ஊத்தினேங்க, பிக்கப் ஏறும்னாங்க. ஒண்ணும் ஏறல. காலையில மூணு தடவை சுத்தினாத்தான் ஸ்டார்ட் ஆகுது, செக் இன்ஜின் லைட் வேற. நாளைக்கு ஊருக்குப் போகணும், ஓட்டலாமா?

கியர்தாத்தா:
எந்த வண்டி? டர்போவா? எத்தனை லிட்டர்? ஸ்கேனர்ல என்ன பழுதுக் கோடு காட்டுது? லைட் நிலையா எரியுதா, மின்னுதா? மின்னினா மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர்ல பெட்ரோல் சரியா பத்திக்கல, வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க.

எத்தனால்எதிரி:
கோடெல்லாம் எதுக்கு? 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்ததுல இருந்து எல்லா வண்டியிலயும் இதான். ஃபில்டரை மாத்துங்க.

ஸ்பேனர்சாமி:
மாசம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றார். தேடிப் பாக்கற பழக்கமே போச்சு. ரேஸ் பெட்ரோல்ல அதிகமா இருக்கறது ஆக்டேன். ஆக்டேன்னா சக்தி இல்ல. அழுத்தத்துல தானா வெடிக்காம தாங்கற அளவு. தீப்பொறி எப்ப விழணும்னு (அதான் டைமிங்) உங்க இசியூ-வுல, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர்ல, ஒரு மேப் இருக்கு, அதுக்கு ஒரு எல்லை இருக்கு. பெட்ரோல் தானா வெடிக்கறதைக் கண்டுபிடிக்கற நாக் சென்சார் டைமிங்கைப் பின்னால இழுக்கும், எல்லையைத் தாண்டி முன்னால தள்ளாது. 91 ஆக்டேனுக்கு டியூன் பண்ண இன்ஜினுக்கு 110 ஊத்தினா காசுதான் எரியும்.

பூஸ்ட்_கோவை:
டர்போ வண்டின்னா கொஞ்சம் மாறும் சாமி. வெயில்ல, லோடுல இசியூ டைமிங்கைக் குறைச்சிருந்தா அதைத் திரும்பக் கொடுக்கும். எக்ஸ்பி100 போட்டா தெரியும்.

ஸ்பேனர்சாமி:
எக்ஸ்பி100 ஈயமில்லாத பங்க் பெட்ரோல். அவர் ஊத்தினது என்னன்னு அவருக்கே தெரியல.

மஞ்சள்பல்பு:
2018 ஹேட்ச்பேக், 1.2, டர்போ இல்லைங்க. லைட் நிலையாத்தான் எரியுது. கோடு பி0133, பி0420. கோவை செட்டிபாளையம் டிராக்ல ரேஸ் முடிஞ்சு மிச்சமான கேன்னு தெரிஞ்சவர் கொடுத்தார், 110-னு எழுதியிருக்கு. மொதல்ல 10 லிட்டர், போன வாரம் இன்னொரு 10.

நாக்_நாகராஜ்:
இதை மொதல்லயே சொல்லியிருக்கணும். பி0133-ன்னா கேட்டலிஸ்ட்டுக்கு முன்னாடி இருக்கற ஆக்சிஜன் சென்சார் மந்தம், பி0420-ன்னா புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட் சரியா வேலை செய்யல. ரேஸ் பெட்ரோலுக்கப்புறம் ரெண்டும் சேர்ந்து வந்தா மொத சந்தேகம் ஈயம்தான். 110 ரகம் பலதுல ஈயம் கலந்திருக்கும். அது சென்சார் மேல படிஞ்சு மூடும், கேட்டலிஸ்ட்ல பிளாட்டினம், பல்லேடியத்தையும் மூடும். கேன் லேபிளைப் படிங்க.

சரிபாக்க: இன்ஜின் சூடானதும் 2,500 ஆர்பிஎம்-ல வெச்சு ஸ்கேனர்ல முன் சென்சாரைப் பாருங்க. 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல விறுவிறுன்னு ஏறி இறங்கணும். சோம்பலா அசைஞ்சா போச்சு. பின் சென்சார் ஏறக்குறைய ஒரே இடத்துல நிக்கணும். முன்னதைப் போலவே ஆடினா கேட்டலிஸ்ட் வேலை செய்யல.

முதல்ல டேங்கைக் காலி பண்ணுங்க. அதுக்கு முன்னாடி புது சென்சார் போட்டா அதுவும் சாகும். பெட்ரோல் ஊத்தற வாய் வழியா டியூப் இறங்காது, வாயால உறிஞ்சவே கூடாது, அந்த ஈயம் தோல் வழியாவே உள்ள போகும். பம்ப் ஃபியூஸைக் கழட்டி, வண்டி தானா அணையற வரைக்கும் ஓட விட்டா லைன்ல பிரஷர் இறங்கிடும். அப்புறம் ரெயில்கிட்ட (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரிக்கற குழாய்) லைனைக் கழட்டி கேன்ல விடுங்க, ஃபியூஸைத் திரும்பப் போட்டு, பம்ப் ரிலேயைக் கழட்டி, அதோட சாக்கெட்ல 30, 87-னு எண் போட்ட ரெண்டு முனையையும் இணைச்சா பம்பே வெளிய தள்ளும். ஓட்டம் அறுந்ததும் நிறுத்துங்க, பெட்ரோல் இல்லாம சுத்தினா பம்ப் கருகிடும். வெட்டவெளியில, கையுறையோட. பழக்கம் இல்லைன்னா மெக்கானிக்கிட்ட விடுங்க.

அப்புறம் 10 லிட்டர் சாதா பெட்ரோல், முன் சென்சார், ஆயிலும் ஃபில்டரும். கேட்டலிஸ்ட்டைக் கடைசியா பாருங்க, முன் சென்சார் சரியில்லாம அதைத் தீர்ப்பு சொல்ல முடியாது. காலையில திணறுறது வேற விஷயம்: ரேஸ் பெட்ரோல்ல சீக்கிரம் ஆவியாகற பகுதி கம்மியா இருக்கலாம், குளிர்ந்த இன்ஜின்ல பத்திக்காது.

எத்தனால்எதிரி:
ஆக்டேன் கூடினா மெதுவா எரியும், அதான் ஸ்டார்ட் ஆகல.

பூஸ்ட்_கோவை:
மெதுவா எரியறதுக்கும் ஆக்டேனுக்கும் நேரடி சம்பந்தம் இல்லைங்க. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், சுடரும் வேகம்தான்.

எத்தனால்எதிரி:
அமெரிக்காவுல 87 போட்டே ஓட்டறான். நமக்கு இ20-க்கு முன்னாடியே 91 இருந்துச்சே, எதுக்கு இ20?

ஸ்பேனர்சாமி:
ஆக்டேனை ஆர்ஓஎன், எம்ஓஎன்னு ரெண்டு விதமா அளப்பாங்க, அவன் பங்க்ல எழுதறது ரெண்டோட சராசரி. நம்மது ஆர்ஓஎன் மட்டும். அவன் 87-உம் நம்ம பழைய 91-உம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இதையும் நூறு தடவை எழுதியாச்சு.

கியர்தாத்தா:
இ20 சண்டைக்குத் தனி இழை இருக்கு. மஞ்சள்பல்பு, லேபிள் பாத்தீங்களா?

மஞ்சள்பல்பு (6 நாள் கழிச்சு):
ஈயம்னு போட்டிருக்கு, சின்ன எழுத்துல. ஊருக்கு பஸ்ல போனேன். மெக்கானிக் 14 லிட்டர் இறக்கினார், சென்சார் மாத்தியாச்சு, பி0133 போச்சு. பி0420 இன்னும் வருது. நன்றிங்க.

நாக்_நாகராஜ்:
சாதா பெட்ரோல்ல ரெண்டு மூணு டேங்க் ஓட்டிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. அப்பவும் வந்தா கேட்டலிஸ்ட்தான். அந்த 14 லிட்டரை என்ன பண்ணீங்க? சாக்கடையில ஊத்தல இல்ல?

கியர்தாத்தா:
மஞ்சள்பல்பு?