மூடிய கலனில் நீராவியைக் குளிர்வித்தால் அழுத்தம் 576ஆ, 24ஆ?

பிளஸ்டூ_மாணவி:
வணக்கம். கணக்கு இதுதான்: 10 லிட்டர் எஃகுக் கலனில் நீராவி மட்டும் இருக்கிறது, காற்று இல்லை. 120 டிகிரி செல்சியஸில் அழுத்தம் 760 மி.மீ. பாதரசம். கலனைத் திறக்காமல் 25 டிகிரிக்குக் குளிர்வித்தால் அழுத்தம் என்ன? கனஅளவு மாறவில்லையே என்று கே-லூசாக் விதியைப் போட்டேன் (அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதம்; கெல்வின் = செல்சியஸ் + 273). 760 × 298 ÷ 393 = 576 வருகிறது. விடைக்குறிப்பில் 24 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

வேதியியல்_வாத்தியார்:
அச்சுப்பிழை இல்லைம்மா. கே-லூசாக் விதி செல்ல வேண்டுமானால் உள்ளே இருக்கும் வாயுவின் அளவு குறையக் கூடாது. இங்கே வழியிலேயே ஆவி நீராக மாறத் தொடங்கிவிடுகிறது.

எந்த இடத்தில் என்று பார்த்துவிடலாம். தண்ணீரின் ஆவியழுத்த அட்டவணையை, அதாவது ஒவ்வொரு வெப்பநிலையிலும் நீராவி எட்டக்கூடிய உச்ச அழுத்தத்தைத் தரும் பட்டியலை, எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள். 99 டிகிரியில் உன் விதிப்படி 719, அட்டவணையில் 733. இன்னும் இடம் இருக்கிறது, எல்லாம் ஆவிதான். 98 டிகிரியில் உன் விதிப்படி 717, அட்டவணையில் 707. தாண்டிவிட்டது! ஆக இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ கலனின் சுவரில் முதல் துளி பூக்கிறது. அதற்குக் கீழே அட்டவணை சொல்வதுதான் அழுத்தம்: 90 டிகிரியில் 526, 80இல் 355, 25இல் 23.8. இதைத்தான் 24 என்று போட்டிருக்கிறார்கள்.

பிளஸ்டூ_மாணவி:
சரி சார், புரிகிறது. அதே ஆவியை 5 லிட்டர் கலனில் அடைத்திருந்தால் 48 வருமா? தண்ணீர் எவ்வளவு சேரும்?

வேதியியல்_வாத்தியார்:
வராது, அப்போதும் 24தான். இடம் குறைந்தால் கூடுதல் ஆவி நீராகிவிடும், அவ்வளவே. சிகரெட் லைட்டரைப் பார், உள்ளே திரவ பியூட்டேன் தளும்பும். முக்கால்வாசி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் ஒரே வெப்பநிலையில் அழுத்தம் ஒன்றுதான்.

தண்ணீர்க் கணக்கு உன் 10 லிட்டர் கலனுக்கு: தொடக்கத்தில் 0.31 மோல், அதாவது 5.58 கிராம். கடைசியில் ஆவியாக மிஞ்சுவது 0.0128 மோல், 0.23 கிராம். மீதி 5.35 கிராம் அடியில் தண்ணீராகக் கிடக்கும். 10 லிட்டரில் அது ஐந்து மில்லிக்குச் சற்று மேல், அது அடைக்கும் இடத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 24 எழுதிவிடாதே. அதே கலனில் மொத்தமே 0.2 கிராம் ஆவிதான் இருந்தது என்றால் 25 டிகிரியில் 20.7 மி.மீ.தான் வரும். 23.8ஐ எட்டவில்லை, ஒரு சொட்டும் விழாது. முதலில் வாயு விதிப்படி போடு, அப்புறம் அட்டவணையோடு ஒப்பிடு, எது சிறியதோ அதுதான் விடை.

பாய்லர்காரன்:
வாத்தியார் சொன்னது தாளில் சாதுவாக இருக்கும், ஆலையில் பயங்கரம். உள்ளே 24, வெளியே 760 என்றால் சுவரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை அழுத்துகிற மாதிரி. நீராவி விட்டுக் கழுவிய டாங்க்கை, காற்று போய்வரும் வழியான வெண்ட்டை மூடிவிட்டு ஆறவிட்டால் தகரடப்பா போல நசுங்கிவிடும். பாய்லரை நிறுத்தி ஆறவிடும்போதும் அழுத்தம் முழுக்க இறங்குவதற்கு முன்பே வெண்ட் வால்வைத் திறந்து காற்றை உள்ளே விட்டுவிடுவோம். கணக்கில் எஃகுக் கலன் என்று போட்டது சும்மா இல்லை.

பிளஸ்டூ_மாணவி:
நன்றி அண்ணா. சார், கடைசியாக ஒன்று. நீராவியோடு காற்றும் இருந்தால்?

வேதியியல்_வாத்தியார்:
டால்டன் விதி. இரண்டையும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டு. 120 டிகிரியில் காற்று 760, நீராவி 760, மொத்தம் 1520 என்று வைத்துக்கொள். காற்று 25 டிகிரியில் நீராகாது, அதனால் அதற்கு உன் 576 அப்படியே சரி. நீராவிக்கு 24. மொத்தம் 600.