பெட்டி லாரியில் நடமாடும் தகவல் தொடர்பு மையம்: ஒரு செட் பேசினால் மற்றவை செவிடாகின்றன

கேள்வி – மீட்பு வண்டி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தன்னார்வ மீட்புக் குழு, முன்பு கருவிகளை ஏற்றிச் செல்லப் பயன்பட்ட ஒரு பெட்டி லாரியை, விபத்தோ வெள்ளமோ நேர்ந்த இடத்துக்கே சென்று நிற்கும் தகவல் தொடர்பு மையமாக மாற்றி வருகிறது. வண்டியின் மின்னமைப்பு 24 வோல்ட். பின்புறப் பெட்டி கண்ணாடியிழையால் ஆனது. உள்ளே இரண்டு மேசைகள், 150 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்கும் 45 வாட் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டுகள் மூன்று, அவற்றைவிட உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்கும் யு.எச்.எஃப். செட் ஒன்று, மடிக்கணினிகளுக்கான இன்வெர்ட்டர் ஆகியவற்றைப் பொருத்திவிட்டோம். கேபிளின் நீளம் குறையும் என்று கருதி, கால் அலைநீள ஆன்டெனாக்களைக் கூரையின் முன்பகுதியிலேயே 2 மீட்டர் இடைவெளியில் நிறுத்தியிருக்கிறோம்.

ஒத்திகையில் மூன்று குறைகள் வெளிப்பட்டன. முதல் மேசையில் மைக்கை அழுத்தியதும் இரண்டாவது மேசையின் செட்டில் களத்திலிருந்து வரும் குரல் அடியோடு மறைந்துவிடுகிறது. எவரும் பேசாத நேரத்திலும், சாதாரண ஜீப்பில் தெளிவாகக் கேட்கும் கைச்செட்டுகள் இந்த வண்டியில் கரகரப்பாகவே கேட்கின்றன. இரண்டு செட்டுகளில் ஒரே நேரத்தில் பேசினால், அவற்றுள் ஒன்று அணைந்து மீண்டும் உயிர் பெறுகிறது. பொருத்திக் கொடுத்தவர் அதிகத் திறனுள்ள ஆன்டெனாக்களையும், வேண்டாத அலைவரிசைகளைத் தடுக்கும் பில்டர்களையும் வாங்கச் சொல்கிறார். பணத்தைச் செலவிடுவதற்கு முன் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறோம்.

மறுமொழி – அலைநீளம்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். பேசும் செட்டிலிருந்து ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் 50 ஓம் டம்மி லோடை (அலையை வெளியே வீசாமல் வெப்பமாக மாற்றிவிடும் போலிச் சுமையை) பொருத்தி மைக்கை அழுத்துங்கள். மற்ற செட்டின் செவிட்டுத்தன்மை நீங்கிவிட்டால் கோளாறு கூரையில் இருக்கிறது. நீங்காவிட்டால் மின் கம்பிகள் வழியாகவோ உள்ளே ஓடும் கேபிள்கள் வழியாகவோ கசிகிறது. இவை இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பதால் மருந்தும் வேறு.

உங்கள் கூரையில்தான் இருக்கும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் எளிய கணக்கு. 150 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2 மீட்டர். 2 மீட்டர் தள்ளி நிற்கும் ஆன்டெனாவுக்குச் சிக்னல் ஏறத்தாழ 22 டெசிபெல் (10 டெசிபெல் என்றால் ஆற்றலில் பத்து மடங்கு வேறுபாடு) மட்டுமே குறைந்து போய்ச் சேரும். அதாவது 45 வாட்டில் கால் வாட்டுக்கும் சற்று அதிகமான ஆற்றல் அடுத்த செட்டின் வாசலில் வந்து நிற்கும். அந்த செட்டோ, ஒரு வாட்டின் கோடி கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான சிக்னலைக் கேட்பதற்காக உருவாக்கப்பட்டது. காதுக்குப் பக்கத்தில் சங்கை ஊதிக்கொண்டே தெருக்கோடியில் பேசுபவரைக் கேட்கச் சொல்வது போன்ற நிலை இது.

பக்கவாட்டில் இடைவெளியை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபெல் மட்டுமே கூடுதலாகக் கிடைக்கும். ஒரு ஆன்டெனாவின் நேர் மேலே இன்னொன்றை வைத்தால் இதே இரட்டிப்பு சுமார் 12 டெசிபெல் தரும், ஏனெனில் செங்குத்து ஆன்டெனா தன் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் மிகக் குறைவாகவே அலையை வீசுகிறது. அதனால்தான் இத்தகைய வண்டிகளில் ஏற்றி இறக்கும் கம்பத்துக்கு அவ்வளவு மதிப்பு. அதை உயரத்துக்காக வாங்குவதாகவே பலர் எண்ணுகிறார்கள். கூரையிலுள்ள ஆன்டெனாவிலிருந்து விலகி நிற்பதும் அதற்கு இணையான பலன்.

பில்டரைப் பொறுத்தவரை, உங்கள் மூன்று அலைவரிசைகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லாமல் எவரும் உங்களுக்கு அதை விற்கக் கூடாது. அவை சில மெகாஹெர்ட்ஸ் விலகியிருந்தால் கேவிட்டி பில்டர் (குறுகிய அலைவரிசையைப் பிரித்தெடுக்கும் உலோகக் கூடு) நன்றாக உதவும். 100 அல்லது 200 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே விலகியிருந்தால், வண்டியில் அடங்கும் அளவுள்ள எந்தப் பில்டரும் அவற்றைப் பிரித்துக் காட்டாது. அதிகத் திறனுள்ள ஆன்டெனாவைக் கூரையில் அருகருகே வைத்தால் சங்கின் ஓசைதான் கூடும்.

இன்னொன்று, கண்ணாடியிழைக் கூரை. கால் அலைநீள ஆன்டெனாவுக்குக் கீழே உலோகத் தளம் வேண்டும். அதுதான் ஆன்டெனாவின் மறுபாதி. உங்கள் அலைவரிசையில் ஒவ்வொரு ஆன்டெனாவின் அடியிலும் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஆரமுள்ள உலோகத் தகடு தேவை. அது இல்லாதபோது கேபிளின் உலோக வெளி உறையே அந்த மறுபாதியின் வேலையைச் செய்யத் தொடங்கி, வண்டிக்குள் இருக்கும் மின்னணு இரைச்சலையெல்லாம் நேராகச் செட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும். உங்கள் இரண்டாவது குறைக்கு இதுவே முதல் காரணமாக இருக்கலாம்.

மறுமொழி – பேட்டரிப்பெட்டி

செட் அணைந்து மீள்வது மின்னழுத்தம் சரிவதன் அடையாளம். 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட்டை எங்கிருந்து எடுத்தீர்கள்? கம்பியின் பருமன் என்ன, நீளம் என்ன?

பதில் – மீட்பு வண்டி

தொடராக இணைந்துள்ள இரண்டு பேட்டரிகளுள் கீழே உள்ளதிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கம்பி 6 சதுர மில்லிமீட்டர். பேட்டரியிலிருந்து செட்டுகள் வரை 8 மீட்டர். நான்கு செட்டுகளுக்கும் இந்த ஒரே வழிதான்.

மறுமொழி – பேட்டரிப்பெட்டி

இரண்டுமே தவறு, முதலாவது கூடுதல் ஆபத்தானது. இரண்டு பேட்டரிகளுள் ஒன்றிலிருந்து மட்டும் மின்சாரத்தை எடுத்தால், ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்து 28 வோல்ட்டுக்கு நிரப்பும்போது, கீழேயுள்ளது எப்போதும் பசியோடும் மேலேயுள்ளது எப்போதும் திகட்டும் அளவுக்கு நிரம்பியும் நிற்கும். சில மாதங்களில் இரண்டும் கெடும், வண்டியே கிளம்பாமல் போகும். அழைப்பு வந்த இரவில்தான் அது தெரியவரும்.

கம்பிக் கணக்கைப் பாருங்கள். போகவும் வரவும் 16 மீட்டர் என்றால், 6 சதுர மில்லிமீட்டர் செம்புக்கு ஏறத்தாழ 0.046 ஓம் மின்தடை இருக்கும். 45 வாட் செட் ஒன்று பேசும்போது சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். இரண்டு பேசினால் 20 ஆம்பியர், கம்பியிலேயே 0.9 வோல்ட் போய்விடும். இன்ஜின் அணைந்த நிலையில் பேட்டரி சுமையின்கீழ் 12 வோல்ட்டில் இருந்தால் செட்டுக்குக் கிடைப்பது 11 வோல்ட்தான். 13.8 வோல்ட்டை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்ட செட் அந்த அளவில் தடுமாறுவதில் வியப்பில்லை. 25 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இதே இழப்பு 0.22 வோல்ட்டாகச் சுருங்கிவிடும்.

என் பரிந்துரை: வண்டியைக் கிளப்பும் பேட்டரிகளைத் தொடாதீர்கள். தகவல் தொடர்புக்கெனத் தனிப் பேட்டரி வைத்து, 24 வோல்ட்டிலிருந்து அதை நிரப்பும் டி.சி. மாற்றியைப் பொருத்துங்கள். ஒவ்வொரு செட்டுக்கும் தனி ஃபியூஸ், பேட்டரி முனைக்கு அருகிலேயே முதன்மை ஃபியூஸ். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைத் தேர்ந்தெடுத்தால், உறைநிலைக்குக் கீழே அதை நிரப்பக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். குளிர்ப் பகுதியில் வெளிப்புறப் பெட்டிக்குள் வைக்க நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மாற்றியும் இரைச்சலை உண்டாக்கும் கருவிதான். அதைச் செட்டுகளிலிருந்து தள்ளி வைத்து, கம்பிகளில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையங்களைக் கோத்துவிடுங்கள்.

மறுமொழி – இரண்டாம் மேசை

நான் இத்தகைய வண்டியில் அமர்ந்து பேசியவன்; பொறியாளர் அல்லன். இரைச்சலைத் தேடும்போது ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் அமைப்பை) திறந்துவைத்துக் கேட்பதால் பயனில்லை, இத்தகைய எஃப்.எம். வயர்லெஸ் செட்டில் வெற்று இரைச்சல் எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கேட்கும். ஒருவரைக் கைச்செட்டோடு குரல் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் வரும் தூரத்தில் நிற்கவைத்து, எண்களைத் தொடர்ந்து சொல்லச் சொல்லுங்கள். பிறகு வண்டிக்குள் இன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்குகள், மடிக்கணினிச் சார்ஜர்கள், நெட்வொர்க் ஸ்விட்ச் என ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைத்ததும் குரல் தெளிகிறதோ அதுதான் குற்றவாளி. எங்கள் வண்டியில் அது மேசை விளக்காக இருந்தது. இரண்டு வாரங்களாக நாங்கள் ஜெனரேட்டரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தோம்.

கம்பம் வாங்கினால், கைப்பிரேக் போடாமல் ஏறாதபடியும், ஏறியிருக்கும்போது ஓட்டுநர் முன்னால் விளக்கும் மணியும் எச்சரிக்கும்படியும் அமையுங்கள். தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்பதை ஒருவர் வெளியே நின்று வாய்விட்டுச் சொன்ன பிறகே ஏற்ற வேண்டும். இருட்டில் ஒளிவிளக்கை மேலே அடித்துப் பார்த்த பிறகு. மின்னல் தெரிந்தால் இறக்கிவிடுங்கள்.

மேலும், பேசும் திறனைக் குறைத்துப் பார்த்தீர்களா? களத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஓரிரு கிலோமீட்டருக்குள்தான் இருப்பார்கள்.

மறுமொழி – அலைநீளம்

சரியான கேள்வி. 45 வாட்டை 10 வாட்டாகக் குறைத்தால் அடுத்த செட்டுக்குப் போகும் ஆற்றலும் 6.5 டெசிபெல் குறையும். கூரையில் இடைவெளியை இரட்டிப்பாக்குவதை விட அதிகமான பலன், ஒரு காசும் செலவில்லாமல். மின்சாரமும் மிச்சம். இரண்டு மேசைகளும் ஓயாமல் பேச வேண்டியிருந்தால், ஒன்றை யு.எச்.எஃப். அலைவரிசைக்கு மாற்ற அனுமதி கிடைக்குமா என்றும் பாருங்கள்.

பதில் – மீட்பு வண்டி

மூன்று வார வேலைக்குப் பிறகு எழுதுகிறேன். டம்மி லோடு சோதனையில் செவிட்டுத்தன்மை முற்றிலும் நீங்கியது; ஆகவே கூரைதான். ஆன்டெனாக்களுக்கு அடியில் அலுமினியத் தகடு பொருத்தி, பட்டைக் கம்பிகளால் வண்டியின் சேசிஸுடன் இணைத்தோம். இரண்டாம் மேசையின் ஆன்டெனாவைக் கூரையின் பின்கோடிக்கு நகர்த்தினோம். களப் பேச்சுக்கு 10 வாட், தலைமையிடத்துக்கு மட்டும் 45 வாட் என்று மேசையில் எழுதி ஒட்டியிருக்கிறோம். தனிப் பேட்டரியும் 25 சதுர மில்லிமீட்டர் கம்பியும் வந்த பிறகு எந்தச் செட்டும் அணையவில்லை.

முதல் மேசை தலைமையிடத்தோடு 45 வாட்டில் பேசும்போது மட்டும் இரண்டாவதில் தொலைதூரக் கைச்செட்டுகள் இன்னும் மங்குகின்றன. அவ்விரு அலைவரிசைகளுக்கும் இடையே 4 மெகாஹெர்ட்ஸ் இருப்பதால், கேவிட்டி பில்டர் ஒன்றை இரவல் பெற்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோதிக்கவிருக்கிறோம். கரகரப்புக்குக் காரணமான கருவியையும் பிடித்துவிட்டோம்: மடிக்கணினிச் சார்ஜர்களுள் ஒன்று.